ஸ்கேனில் விழாத வலி

தேவனூர் நாடு, கொல்லிமலை
12 செப்டம்பர் 2024

சுமித்ராவுக்கு,

உங்கண்ணன் செங்கோடன் எழுதறது. போன் பண்ணித் திட்டாம எதுக்கு லெட்டர் போடறான்னு நெனைப்பே. ரெண்டு காரணம். போன் வெளிச்சத்தப் பாத்தா வலது கண்ணுக்குப் பின்னால ஆணி எறங்கற மாதிரி இருக்குது. இன்னொண்ணு, உங்குரலக் கேக்க எனக்கு இப்ப மனசில்ல.

நேத்து டிப்போவுல மேனேஜர் கூப்பிட்டாரு. "ஏனுங்க செங்கோடன், உங்க தங்கச்சி பெங்களூர்ல இருந்து எழுதியிருக்காங்க. தலையில பட்ட அடி இன்னும் ஆறலையாமே, ஊசி போட்டுக்கிட்டுத்தான் வண்டி எடுக்கறீங்களாமே"ன்னாரு. பக்கத்துல கண்டக்டரு, செக்கரு, டீ கொண்டாந்தவரு எல்லாரும் நிக்கறாங்க. நான் என்னத்தச் சொல்லட்டும்? அந்த எடத்துலயே வண்டிய வேற ஆளுக்குக் குடுத்துட்டு என்னைய டைம் ஆபீசுல உக்கார வெச்சுப்போட்டாரு. இனிமே எந்த வண்டி எப்பப் போச்சு, எப்ப வந்துச்சுன்னு குறிக்கறதுதான் எம்பட வேலை. பதினாலு வருசமா இந்த மலையில பஸ்ஸு ஓட்டறேன். பனி எறங்கி முன்னால போற வண்டியோட செகப்பு வெளக்கு மட்டும் தெரியற நாள்லயும் கொண்டை ஊசி வளைவெல்லாம் திருப்பி ஏத்தியிருக்கேன். ஒரு ஆட்டுக்குட்டி எம்பட டயர்ல பட்டதில்ல.

அப்படி என்ன பெருசா நடந்துபோச்சு? மே மாசம் பஸ் ஸ்டாண்டுல டீ குடிச்சிட்டு நின்னேன். பக்கத்துல பலாப்பழம் ஏத்துன பிக்கப் வண்டி. கயிறு அவுந்து ஒரு பழம் உருண்டு வந்து தலையில உழுந்துச்சு. கொஞ்ச நேரம் நெனப்பு இல்ல, ரெண்டு தரம் வாந்தி. கீழ கொண்டு போயி ஸ்கேன் எடுத்தாங்க. "ஒண்ணுமில்ல, வீட்டுக்குப் போங்க"ன்னு சொல்லிட்டாங்க. டாக்டரே ஒண்ணுமில்லன்னு சொன்னதுக்கப்புறம் ஒண்ணு இருக்குதுன்னு நான் யாருகிட்டப் போயிச் சொல்றது? புலி அடிச்சிருந்தாக் கூட ஒரு மரியாதை இருந்திருக்கும். பலாப்பழத்துல அடிபட்டவன்னு டிப்போவே சிரிக்குது.

வலி இருக்குது. இல்லைங்கல. தலையில, கழுத்துல, வலது தோள்ல. சீப்பு பட்டா உசுரு போவுது. சட்டைக் காலரு உரசுனாலும் அப்படித்தான். அடிவாரத்துல ஒருத்தரு ஊசி போடறாரு. போட்டா அன்னைக்கே தேவலாமாயிருது, நாலஞ்சு நாளைக்கு நல்லா ஓட்டறேன். இதுல உனக்கு என்ன நட்டம்? உங்கண்ணி ராஜேஸ்வரிதான் உங்காதுல ஓதியிருப்பா. அவகிட்டயும் பேச்சில்ல.

நீ டாக்டரும் இல்ல. எலி அறுக்கறவ. மேனேஜருக்கு இன்னொரு லெட்டர் போடு, தெரியாம எழுதிப்போட்டேன்னு. அது வர வரைக்கும் இந்த ஊட்டுப் பக்கம் வர வேண்டாம். தீபாவளிக்கும் வேண்டாம்.

செங்கோடன்
டைம் ஆபீஸ்


பெங்களூரு
20 செப்டம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை ஆய்வகத்து வாசலில் நின்றபடியே படித்தேன். உள்ளே கொண்டுபோய்ப் படிக்கத் தைரியம் இல்லை.

இது மன்னிப்புக் கேட்கிற கடிதம் இல்லை. மேலாளருக்கு எழுதியது நான்தான். உங்களிடம் முதலில் சொல்லியிருந்தால் எழுத விட்டிருக்க மாட்டீர்கள். உங்கள் பஸ்ஸில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஏறுகிறார்கள், மிளகு மூட்டையோடு சந்தைக்குப் போகிறவர்கள் ஏறுகிறார்கள். அதே நிலை நாளைக்கு வந்தாலும் இதையேதான் செய்வேன். அண்ணி என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "உங்கண்ணன் தலை சீவ உட மாட்டேங்கறாரு." அவர் பயந்துபோய்ச் சொன்னார். கோபத்தை என்னோடு வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். டிப்போவில் சிரித்தவர்கள் யாராவது உங்கள் வலியை நம்பினார்களா? நம்பாததால்தானே நிம்மதியாக வண்டியைக் கொடுத்தார்கள். அது உண்மையான வலி என்று நம்பியவள் நான். நம்பியதால்தான் எழுதினேன்.

எலி அறுக்கிறவள் என்று எழுதியிருக்கிறீர்கள். நான்கு வருடமாக இங்கே என்ன செய்கிறேன் என்று நீங்கள் ஒரு நாளும் கேட்டதில்லை. இப்போது கேட்டுத்தான் ஆக வேண்டும்.

தலையில் அடி விழுந்ததும் மூளைக்குள் காவல் இருக்கிற செல்கள் விழித்துக்கொள்கின்றன. அவை மிகச் சிறிய புரதங்களை வெளியே விடுகின்றன. இன்டர்லூக்கின், டி.என்.எஃப். என்று அவற்றுக்குப் பெயர்கள் உண்டு. அவற்றின் வேலை சேதி சொல்வது. இங்கே காயம், ஆள் வேண்டும், வாருங்கள் என்ற சேதி. விரலில் முள் ஏறினால் சிவந்து வீங்குகிறதே, அங்கேயும் இதுதான் நடக்கிறது. தலைக்குள் நடப்பது மட்டும் கண்ணுக்குத் தெரிவதில்லை. சேதி கேட்டு வருகிற செல்கள் செத்ததை அள்ளிப்போடும், கிழிந்ததைச் சேர்க்கும். அது நடக்காமல் எந்தக் காயமும் ஆறாது.

நம் மலைப் பாதையில் ஒரு ஜீப் கவிழ்ந்தால் என்ன ஆகும்? ஒருவர் கூப்பாடு போடுவார், தோட்டத்தில் இருக்கிறவர்கள் எல்லாம் ஓடி வந்து தூக்குவார்கள். அடிபட்டவரை அனுப்பியாயிற்று, ஜீப்பையும் ஓரம் கட்டியாயிற்று. அதற்குப் பிறகும் ஒருவர் கூப்பாட்டை நிறுத்தாவிட்டால்? வந்த கூட்டம் கலையாது, புதுக் கூட்டமும் சேரும். கடைசியில் அந்தக் கூட்டமே பாதையை அடைத்துவிடும். சிலருடைய தலையில் இப்படி ஆகிவிடுகிறது. காயம் ஆறிக்கொண்டுதான் இருக்கும், சேதி மட்டும் நிற்காது. வலி நரம்புகளுக்கும் அந்தச் சேதி போகிறது. கேட்டுக் கேட்டு, தொட்டாலே வலி என்று சொல்லப் பழகிவிடுகின்றன. அதனால்தான் சீப்பு உங்களுக்குக் கத்தியாகப் படுகிறது. தலைக்கும் கழுத்துக்கும் போகிற நரம்புகள் உள்ளே ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. அதனால்தான் தோளும் வலிக்கிறது.

ஸ்கேனில் ரத்தக் கசிவு தெரியும், எலும்பு உடைந்தால் தெரியும். இந்தச் சேதி அதில் விழாது. 'ஒன்றுமில்லை' என்று டாக்டர் சொன்னது ரத்தக் கசிவு இல்லை என்கிற பொருளில். வலி இல்லை என்று அவர் சொல்லவில்லை, அண்ணா.

உங்கள் தலையைத் திறந்து பார்த்தவள் இல்லை நான். ஆனால் நீங்கள் எழுதியிருக்கிற ஒவ்வொன்றும் நான் தினமும் படிக்கிற விஷயத்தோடு பொருந்துகிறது.

அந்த ஊசியில் என்ன மருந்து என்று கேட்டு எழுதுங்கள். தீபாவளிக்கு வரவில்லை. நீங்கள் கூப்பிட்டால்தான் வருவேன்.

சுமித்ரா


தேவனூர் நாடு
4 அக்டோபர் 2024

சுமித்ராவுக்கு,

உன் லெட்டரை டைம் ஆபீசுல வெச்சுப் படிச்சேன். ஒரேடியாப் படிக்க முடியல. நாலு வரி படிச்சாக் கண்ணு கூசுது. அன்னைக்குப் பொழுதெல்லாம் அதுக்கே ஆச்சு.

ஜீப்புக் கதை வெளங்குச்சு. நீ நம்பறேன்னு எழுதுனதும் வெளங்குச்சு. மே மாசத்துல இருந்து யாரும் அப்படிச் சொல்லல. அதுக்காக உம்மேல கோவம் போயிருச்சுன்னு நெனைக்காத. நம்பாதவங்க எனக்கு வண்டியக் குடுத்தாங்க, நம்பறவ புடுங்கிக்கிட்டே. இதுல எது எனக்கு நல்லதுன்னு நீயே சொல்லு.

மருந்துப் பேரு கேட்டயல்ல. ராஜேஸ்வரி போயிக் கேட்டா, அவரு சொல்லல. குப்பைக் கூடையில கெடந்த ரெண்டு குப்பிய எடுத்துட்டு வந்துட்டா. ஒண்ணு வலி மருந்து. இன்னொண்ணுல டெக்சாமெதசோன்னு போட்டிருக்குது. எழுத்துக் கூட்டி எழுதியிருக்கேன், தப்பிருந்தாத் திருத்திக்க.

டைம் ஆபீசுல ஒருத்தரு உக்காந்திருப்பாரு, அவரு பையன் கம்பவுண்டரு. அவருகிட்டக் கேட்டேன். வீக்கத்தை அடக்கற மருந்துன்னாரு. அப்ப உன்னைய ஒண்ணு கேக்கறேன். நீ சொல்ற கூப்பாட்டை அந்த ஊசி நிறுத்துதுல்ல? நாலு வருசமாப் படிச்சு நீங்க கண்டுபுடிக்காத மருந்தை அடிவாரத்துல ஒருத்தரு வெச்சிருக்காரே, அதுல என்ன தப்பு? கூப்பாடு போடறவன் வாயப் பொத்துனா ரோடு தெறந்துக்குது, நான் வண்டி ஓட்டறேன். இதுக்கு நேராப் பதில் சொல்லு, சுத்தி வளைக்காத.

இன்னொண்ணும் சொல்லிப்போடறேன், மறைக்கறதுக்கு ஒண்ணுமில்ல. ரெண்டு மாசமா மூஞ்சி உப்பிக் கெடக்கு. பாக்கறவங்க, "செங்கோடா, ஆபீஸ் வேலை ஒத்துக்கிச்சாட்ட இருக்குது"ங்கறாங்க. தூக்கம் கொறைவு. முன்னெல்லாம் ஒரு ஊசி அஞ்சு நாளைக்குத் தாங்கும். இப்பத் தாங்கறதில்ல.

மேனேஜருக்கு லெட்டர் போட்டயா இல்லையா?

செங்கோடன்


பெங்களூரு
11 அக்டோபர் 2024

அண்ணா,

நேராகக் கேட்டீர்கள், நேராகவே சொல்கிறேன்.

அந்த மருந்து கூப்பாட்டை நிறுத்துகிறது. உண்மைதான். ஆனால் கூப்பாடு போடுகிறவன் வாயை மட்டும் பொத்துவதில்லை. ஊரில் இருக்கிற எல்லார் வாயையும் பொத்துகிறது. தூக்க வந்தவர்கள், தைக்க வந்தவர்கள், உடம்பில் வேறு எங்காவது சீழ் பிடித்தால் சொல்ல வேண்டியவர்கள் எல்லாருமே ஊமையாகிவிடுகிறார்கள். பல வருடங்களுக்கு முன்னால் வெவ்வேறு நாடுகளில் தலையில் அடிபட்டவர்களுக்கு இந்த வகை மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். வீக்கம் குறைந்தால் பிழைப்பார்கள் என்றுதான் எல்லா டாக்டர்களும் நம்பினார்கள். மருந்து வாங்கிக்கொண்டவர்களில்தான் அதிகம் பேர் இறந்தார்கள். அதோடு அந்தப் பழக்கத்தை விட்டார்கள்.

உங்களுக்கு அடிபட்டு மாதங்கள் ஆகிவிட்டன, அந்த ஆபத்து இப்போது இல்லை. வேறு ஆபத்து இருக்கிறது. முகம் உப்புவது, தூக்கம் போவது இரண்டும் அந்த மருந்தின் வேலை. சர்க்கரையும் ஏறியிருக்கலாம். வலி மருந்தையே அடிக்கடி எடுத்தால் அதுவே தலைவலியைக் கொண்டுவரும். ஊசி ஐந்து நாள் தாங்கியது இப்போது தாங்கவில்லை என்கிறீர்களே, யோசித்துப் பாருங்கள்.

ஆனால் நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள். இது முக்கியம். வெளியில் இருந்து மருந்து வருவதால் உடம்பு தானாகச் சுரப்பதைக் குறைத்திருக்கும். திடீரென்று விட்டால் மயங்கி விழுவீர்கள். மேலே அரசு ஆஸ்பத்திரியில் மெர்சி என்று ஒரு டாக்டர் இருக்கிறார், கீழே இருந்து வந்தவர். அண்ணிக்கு அவரைத் தெரியும். குப்பிகளைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். படிப்படியாகக் குறைப்பது எப்படி என்று அவர் சொல்வார்.

நாங்கள் ஏன் மருந்து கண்டுபிடிக்கவில்லை என்று கேட்டது எனக்கு வலித்தது. நியாயமான கேள்வி என்பதால்தான் வலித்தது. என் எலிகளில் ஒரு கூட்டத்துக்கு, அடிபட்ட உடனேயே அந்தச் சேதியில் ஒன்றைத் தடுத்துப் பார்த்தேன். அவை இன்னும் மோசமாகின, பழகிய வழியையே மறந்தன. இன்னொரு கூட்டத்துக்குப் பல நாள் கழித்துத் தடுத்தேன். அவை தொட்டால் துள்ளுவது குறைந்தது. ஒரே சேதி, முதலில் மருந்தாக இருந்தது பிறகு நோயாகிவிட்டது. எப்போது மாறுகிறது, எதை மட்டும் தடுப்பது, இதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைக்கும் என்று நம்புகிறேன். ஆனால் எலிக்குச் சரியானது உங்களுக்கும் சரி என்று இன்றைக்கு எழுத எனக்குக் கை வராது.

மேலாளருக்கு இன்னொரு கடிதம் கேட்கிறீர்கள். எழுதுகிறேன். நீங்கள் சொல்வதை ஓர் எழுத்தும் மாற்றாமல் எழுதுகிறேன். அதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். ஊசி உடம்பை விட்டுப் போன பிறகு, காலை வண்டியில் டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஒரு தரம் மலை ஏறி இறங்குங்கள். வண்டியை நீங்களே ஓட்டுவதாக நினைத்துக்கொண்டு பாதையைப் பாருங்கள். என்னைக் கேட்க வேண்டாம், டாக்டரைக் கூடக் கேட்க வேண்டாம். இந்தப் பாதையில் ஒரு டிரைவர் எப்படி இருக்க வேண்டும் என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்? உங்கள் தீர்ப்புதான் என் கடிதம்.

சுமித்ரா


தேவனூர் நாடு
18 நவம்பர் 2024

கண்ணு சுமித்ரா,

லெட்டர் போட லேட்டாயிருச்சு. எழுதற நெலமையில நான் இல்ல.

மெர்சி டாக்டரப் பாத்தேன். நாகர்கோயில் பக்கத்து ஆளு, பேச்சு கடகடன்னு போவுது. குப்பியப் பாத்ததும், "யாரு போட்டது? எத்தனை மாசமா போடுதாங்க?"ன்னு கேட்டுட்டு எம்மூஞ்சியவே பாத்துட்டு இருந்துச்சு. திட்டும்னு நெனைச்சேன். திட்டல. ரத்தம் எடுத்துச்சு. சர்க்கரை ஏறித்தான் கெடக்குது. அப்புறம் ஒரு காயிதத்துல மாத்திரைக்குக் கோடு போட்டுக் குடுத்துச்சு, இந்த வாரம் இவ்வளவு, அடுத்த வாரம் இவ்வளவுன்னு. நரம்பு வலிக்கு ராவுல ஒரு மாத்திரை. "வலி மொதல்ல கூடும், அண்ணாச்சி. கூடுனா நான் சொன்னது தப்புன்னு நெனைச்சு அங்க ஓடிராதீங்க, இங்க வாங்க"ன்னுச்சு.

கூடுச்சு. அதைப் பத்தி எழுதி உன்னைய அழ வெக்க மாட்டேன். ராஜேஸ்வரி ஜன்னலுக்கெல்லாம் சாக்கு கட்டி இருட்டாக்கி வெச்சா. மிக்சி போடாம அம்மியில அரைச்சா. அவகூடப் பேசாம இருந்தது எனக்கே வெக்கமாப் போச்சு. இப்பப் பேசறோம்.

நீ சொன்னாப்புல போன வாரம் வண்டி ஏறுனேன். எம்பட வண்டிய இப்ப ராசு ஓட்டறான். அவன் பக்கத்துல உக்காந்தேன். "என்ன மாமா, என்னைய செக் பண்ண வந்தீங்களா"ன்னான். ஆமான்னேன். அடிவாரத்துல இருந்து பாதி மலை வரைக்கும் சுத்தமா இருந்துச்சு. ஒவ்வொரு வளைவும் எங்கையிலயே திரும்புச்சு. சுமித்ராகிட்டச் சொல்றதுக்கு வரி வரியா மனசுல எழுதிட்டே வந்தேன், உங்கண்ணன் ஃபிட்டுன்னு.

மேல சில்வர் ஓக்கு மரம் வரிசையா நிக்கற எடம் தெரியுமல்ல. காலை வெயிலு மரத்துக்கு மரம் வெட்டி வெட்டி வந்துச்சு. வெளிச்சம், நெழலு, வெளிச்சம், நெழலு. கண்ணுக்குப் பின்னால ஏதோ சுருண்டு புடிச்சுக்கிச்சு. வலின்னு கூடச் சொல்ல முடியாது. ராசு சடார்னு பிரேக் அடிச்சான். பின்னால கூடையெல்லாம் உருண்டுச்சு. நான் நிமுந்து பாத்தா எதுத்தாப்புல ஒரு ஜீப்பு, வழி உட்டு ஓரமா நிக்குது. ராசு கைய ஆட்டிட்டு எடுத்துட்டுப் போயிட்டான். அவனுக்கு அது ஒரு விசயமே இல்ல.

நான் அந்த ஜீப்பப் பாக்கவே இல்ல, கண்ணு. கண்ணத் தெறந்து ரோட்டப் பாத்துட்டுத்தான் உக்காந்திருந்தேன். அது வந்ததே எனக்குத் தெரியல.

மேல எறங்கி ரொம்ப நேரம் பஸ் ஸ்டாண்டு பெஞ்சுல உக்காந்துட்டேன். ஊசி போட்டுட்டு ஓட்டுன நாளெல்லாம் ஒவ்வொண்ணா வந்துட்டுப் போச்சு. அந்த வளைவுல எத்தன ஜீப்பு நான் பாக்காமயே வெலகிப் போச்சோ.

மக்காநாளு காலையில மேனேஜர்கிட்ட நானே போனேன். "நம்ம தங்கச்சி எழுதுனது சரிதானுங்க. எனக்கு இப்ப வண்டி வேண்டாமுங்க"ன்னேன். அவரு உக்காரச் சொன்னாரு. "எப்பங்க சரியாகும், செங்கோடன்?"ன்னாரு. "தெரியாதுங்க. சரியானா நானே வந்து சொல்லுவேனுங்க"ன்னேன். அப்பவும் பின்னால யாரோ பலாப்பழம்னு சிரிச்சாங்க. மேனேஜர் திரும்பிப் பாத்தாரு, நின்னுபோச்சு.

அதனால நீ அந்த ரெண்டாவது லெட்டரப் போட வேண்டாம்.

அண்ணன்
செங்கோடன்


பெங்களூரு
27 நவம்பர் 2024

அண்ணா,

கடிதத்தை மடித்து வைத்துவிட்டு எலிகளுக்குத் தண்ணீர் மாற்றப் போனேன். பக்கத்தில் வேலை செய்கிற பெண், யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். எங்கள் அண்ணனுக்கு உடம்பு சரியாகிக்கொண்டு வருகிறது என்றேன்.

நீங்கள் போய்ச் சொன்னதை அந்த டிப்போவில் வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். புகழ்ந்து எழுதினால் உங்களுக்குப் பிடிக்காது. இதோடு விடுகிறேன்.

ஓர் எச்சரிக்கை மட்டும். மெர்சி டாக்டரும் சொல்லியிருக்கலாம், நானும் சொல்கிறேன். ஒரு தரம் இப்படி விழித்துக்கொண்ட காவல் செல்கள் முழுதாகத் தூங்குவதில்லை என்று நினைக்கிறோம். அரைக்கண் மூடிக் கிடக்கும். உடம்பின் வேறொரு மூலையில் சின்னதாக ஒன்று, ஒரு சளிக் காய்ச்சல், ஒரு சொத்தைப் பல் வந்தால் போதும். அந்தச் சேதி மூளைக்கும் எட்டும். பழைய கூப்பாடு முழுக்கத் திரும்பி வரும். மார்கழிப் பனி வருகிறது. காய்ச்சல் வந்து வலி பழையபடி ஏறினால், எல்லாம் வீணாகிவிட்டது, முதலில் இருந்து ஆரம்பம் என்று நினைத்துவிடாதீர்கள். காய்ச்சலைப் பாருங்கள், அது இறங்கினால் இதுவும் இறங்கும். ஆனால் வாந்தியோ மயக்கமோ வந்தால், கை கால் மரத்தால், காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அது வேறு கதை.

எனக்கு இங்கே நேரம் சரியில்லை. எலிகளில் பார்த்ததை எங்கள் பேராசிரியர் இன்னொரு தரம் செய்து காட்டச் சொல்கிறார். முதல் தரம் வந்ததை நம்ப அவருக்கு மனம் இல்லை. எனக்கு இருக்கிறது. செய்து காட்டுவேன்.

சுமித்ரா


தேவனூர் நாடு
9 ஜனவரி 2025

கண்ணு சுமித்ரா,

நீ சொன்னது வந்துச்சு. ஊரு பூராச் சளிக் காய்ச்சலு. எனக்கும் வந்துச்சு. ரெண்டாம் நாளே தலை, கழுத்து, தோளு, எல்லாம் செப்டம்பர்ல இருந்த மாதிரியே. தலகாணி பட்டா ஆகல. நல்லாத்தான் போயிட்டு இருந்துச்சு, கரை வரைக்கும் வந்து மறுபடி ஆத்துல உழுந்தாப்புல ஆயிப்போச்சு. ஊசிக்காரரு யாரோ சொல்லி ஊட்டுக்கே வந்துட்டாரு, பையத் தூக்கிட்டு. நல்ல மனுசன்தான், பாவம், எனக்கு ஒதவத்தான் வந்தாரு. "ஒரே ஒரு ஊசி செங்கோடா, எந்திரிச்சு உக்காந்துக்குவே"ன்னாரு.

பொய் சொல்ல மாட்டேன். கைய நீட்டப் பாத்தேன்.

ராஜேஸ்வரி உன் லெட்டர எடுத்துட்டு வந்து கட்டிலுக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டுச் சத்தமாப் படிச்சா. அரைக்கண்ணு மூடிக் கெடக்கும்னு எழுதுனயல்ல, அந்த எடம். அவரு பைய மடியில வெச்சுக்கிட்டு முழுசாக் கேட்டாரு. "அப்படீங்களா"ன்னாரு. டீ குடிச்சிட்டுப் போயிட்டாரு.

காய்ச்சல் விட்ட ரெண்டொரு நாள்ல வலியும் எறங்கத் தொடங்கிருச்சு. எறங்கறதப் படுத்துக்கிட்டே பாத்துட்டு இருந்தேன், மழை உடறதப் பாக்கற மாதிரி. பயம் அன்னைக்குப் போனதுதான். வரும், வந்தாப் போவும்னு தெரிஞ்சுபோச்சு. மெர்சி டாக்டரும் இதைக் கேட்டுட்டு, "உங்க தங்கச்சி எங்க படிக்கா?"ன்னு விசாரிச்சுச்சு. மூளையில வீக்கம் பத்தி ஆராய்ச்சி பண்றா, பெரிய ஆளுன்னேன். எலின்னு சொல்லல.

ஒம்பட எலி இன்னொரு தரமும் அதையேதான் சொல்லும். உங்க பேராசிரியரு பாக்கட்டும். நான் பாத்துட்டேன்.

பொங்கலுக்கு நீ வருவயான்னு உங்கண்ணி கேக்கச் சொன்னா.

அண்ணன்
செங்கோடன்


பெங்களூரு
15 பிப்ரவரி 2025

அண்ணா,

அண்ணி கேட்கச் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். நீங்கள் கேட்டதாக எழுதவில்லை. அதனால்தான் வரவில்லை. யார் பிடிவாதம் பெரியது என்று பார்க்கிற வயது நமக்கு இல்லை, இருந்தாலும் பார்க்கிறேன்.

எலிகள் இரண்டாம் தரமும் அதையே சொல்லிவிட்டன. பேராசிரியர் படங்களை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, கட்டுரையாக எழுத ஆரம்பி என்றார். முதல் ஆளாக உங்களுக்குத்தான் சொல்கிறேன். இதிலிருந்து ஒரு மாத்திரை வர எத்தனை வருடம் ஆகும் என்று தெரியாது, வராமலும் போகலாம். ஆனால் இனி யாராவது ஸ்கேனைக் காட்டி ஒன்றுமில்லை என்றால், இருக்கிறது, பாருங்கள் என்று காட்ட என் கையில் ஒரு துண்டு ஆதாரமாவது இருக்கிறது.

தலை சீவிக்கொள்கிறீர்களா?

சுமித்ரா


தேவனூர் நாடு
21 ஏப்ரல் 2025

கண்ணு சுமித்ரா,

சீவிக்கறேன். நானே சீவிக்கறேன், படிய வாரி.

பிப்ரவரி, மார்ச்சு ரெண்டு மாசமும் ராசு வண்டியில பக்கத்து சீட்டுல உக்காந்து போயிட்டு போயிட்டு வந்தேன். மொதல்ல பொழுது சாயற நேரத்து வண்டி, அப்புறம் மத்தியானம், கடைசியாக் காலை வெயிலு. சில்வர் ஓக்கு கிட்ட வரும்போது எதுத்தாப்புல வர வண்டிய ராசுவுக்கு முன்னாடி நான் சொல்லோணும்னு எங்களுக்குள்ள ஒரு பேச்சு. ஆரம்பத்துல அவன் சொன்னான். போகப் போக ரெண்டு பேரும் ஒண்ணாச் சொன்னோம். கடைசி ரெண்டு வாரம் நான்தான் சொன்னேன். அதுக்கப்புறந்தான் மேனேஜர்கிட்டப் போயி நின்னேன்.

பெரிய ஆஸ்பத்திரியில கண்ணு, தலை, கை கால் எல்லாம் பாத்தாங்க. மெர்சி டாக்டர் குடுத்த காயிதத்தையும் பாத்தாங்க. அப்புறம் இன்ஸ்பெக்டர் ஒருத்தரு வந்து பக்கத்துல உக்காந்து மலை ஏத்திக் காட்டச் சொன்னாரு. ஏத்திக் காட்டுனேன். எறங்கயில அவரு தூங்கிப்போட்டாரு. அதுதான் சர்டிபிகேட்டுன்னு ராசு சொல்றான்.

முழுசாப் போயிருச்சுன்னு சொல்ல மாட்டேன். மழை ஈரத்துல தோளு இன்னும் சொல்லும். காய்ச்சல்னா அன்னைக்கு வண்டி எடுக்க மாட்டேன்னு மேனேஜர்கிட்ட எழுதியே குடுத்துட்டேன். அவரு வாங்கி வெச்சுக்கிட்டாரு. சர்க்கரையும் எறங்கிருச்சு. மூஞ்சி பழையபடி ஒட்டிப்போச்சு, இப்ப யாரும் ஆபீஸ் வேலை ஒத்துக்கிச்சுன்னு சொல்றதில்ல.

போன திங்கக்கெழமை மொத நாளு. காலை வண்டி. சாவியக் கையில குடுத்தப்ப ஒண்ணும் தோணல, ஸ்டார்ட் பண்ணி அந்த அதிர்வு உள்ளங்கையில ஏறுனப்பத்தான் ஸ்டீரிங்கப் புடிச்சபடியே உக்காந்துட்டேன். கண்டக்டரு விசிலு அடிச்சிட்டு, நான் எடுக்கலன்னதும் மறுபடி அடிச்சாரு. எடுத்தேன். மேல போய்ச் சேர்றதுக்கு அஞ்சு நிமிசம் லேட்டு. ஒருத்தரும் கேக்கல.

நீ லெட்டர் போட்டதுக்கு நான் அன்னைக்கு எழுதுனதெல்லாம் எழுதுனதுதான், அழிக்க முடியாது. ஆனா நீ போடாம இருந்திருந்தா நான் இன்னைக்கு யாருக்கும் லெட்டர் எழுதிட்டு இருக்க மாட்டேன். எம்பட வண்டியில இருந்த ஜனங்களும் எத்தன பேரு இருந்திருப்பாங்களோ. அதை எப்படிச் சொல்றதுன்னு தெரியல, இப்படித்தான் சொல்ல வருது.

உங்கண்ணி கேக்கச் சொல்லல. நாங் கேக்கறேன். ஊட்டுக்கு வா சாமி.

ஞாயித்துக்கெழமை வா. சனிக்கெழமை ராத்திரி வண்டி ஏறுனா, காலையில என் வண்டியப் புடிச்சுக்கலாம். உனக்கு முன் சீட்டு போட்டு வைக்கச் சொல்றேன். ஏறி உக்காந்துட்டு எலி, மூளைன்னு பேச்சுக் குடுக்காத. வளைவுல நான் யாருகூடவும் பேச மாட்டேன். மேல போய் எறங்குனதும் பேசிக்கலாம்.

அண்ணன்
செங்கோடன்
டிரைவர்